பருத்தி இலைக்குள் இறங்கும் ஊசி

சிவகாசி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர். ஊரைத் தாண்டினால் கரிசல் காடும் மானாவாரிப் பருத்தியும். நாலு நாள் அடைமழை பிடித்துவிட்டால், ஒரு பருத்தி இலையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். நீர் கோத்த சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியலாம். நரம்புகள் தடுப்பதால் அவை வட்டமாகப் பரவாமல் கோணல்மாணலாக நிற்கும். பிறகு பழுப்பாகும், கிளை கறுக்கும், காய் அழுகும். சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் வேலை இது.

சாந்தோமோனாஸ் கிராம்-நெகட்டிவ் இனம். அதற்குச் சவ்வு இரண்டு. உள்ளே தயாராகும் புரதம் இரண்டையும் தாண்டினால்தான் வெளியே வர முடியும். அதற்கென்றே சுரப்பு அமைப்புகள் பல வகை உண்டு. இரண்டாம் வகை, செடியின் செல்சுவரைக் கரைக்கும் நொதிகளை வெளியே கொட்டும். மூன்றாம் வகைதான் விசேஷம்: புரதத்தைச் செடியின் செல்லுக்குள்ளேயே நேராகச் செலுத்திவிடும், ஊசி போடுவதுபோல.

அந்த ஊசி முழுக்கப் புரதம். சவ்வுக்கு ஒன்றாக வளையங்கள். அடியில் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யை எரித்துச் சரக்கைத் தள்ளும் ஹெச்.ஆர்.சி.என், வெளியே நீளும் குழலைக் கட்டுவது ஹெச்.ஆர்.பி.இ. துவாரம் மிகக் குறுகல் என்பதால், மடிந்த புரதம் பிரிந்து இழையாகித்தான் நுழையும். டைபாய்டு குடும்பத்து சால்மோனெல்லாவின் ஊசி குட்டையானது. 1998இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அதைப் பார்த்தார்கள். செடிக்குத் தடித்த செல்சுவர் உண்டே, அதனால் இங்கே குழல் நீளம். முக்கியமான பாகம் ஒன்றை நீக்கிவிட்டால் பாக்டீரியா சாகாது, ஆய்வுக்கூடத் தட்டில் சௌகரியமாக வளரும். நோய்தான் வராது.

குழல் வழியே போகும் புரதங்களில் ஒன்று ஏ.வி.ஆர்.பி.6. பருத்திச் செல்லின் உட்கருவுக்குள் புகுந்து, சர்க்கரையை வெளியேற்றும் ஸ்வீட்10 மரபணுவை முடுக்கிவிடுகிறது. இது 2017இல் தெரியவந்தது. செடியை அடித்துப் பிடுங்குவதில்லை. செடியையே பரிமாற வைக்கிறது. திருட்டில் இது உயர்ந்த ரகம்!

நெல்லின் இலைக்கருகலிலும் இதே தந்திரம்தான். ஹைதராபாத் விஞ்ஞானிகள் 2008இல் வெளியிட்ட மேம்படுத்திய சம்பா மசூரியில் எக்ஸ்.ஏ.13 என்ற மரபணு உண்டு. அதில் பாக்டீரியப் புரதம் பிடித்துக்கொள்ளும் இடமே மாறியிருப்பதால், உத்தரவு வந்தாலும் சர்க்கரைக் கதவு திறப்பதில்லை.

பருத்தியில் இந்தப் பாக்டீரியா விதைமேல் ஒட்டிய பஞ்சிலும் காய்ந்த செடித்தண்டான மாரிலும் காத்திருக்கும். கிலோ விதைக்கு 100 மி.லி. அடர் கந்தக அமிலம் என்பது பஞ்சு நீக்கும் கணக்கு. அமிலம் கையைப் பொசுக்கும், பழகியவர்கள் செய்யட்டும். நீங்கள் பஞ்சு நீக்கிய விதையாகக் கேட்டு வாங்குங்கள். எடுப்பு முடிந்ததும் பருத்திமாரைக் காட்டில் விட்டுவைக்காதீர்கள்.