கோடியக்கரையில் பூநாரைகள்

சென்ற பொங்கல் விடுமுறையில் கோடியக்கரைச் சரணாலய எல்லைக்கு வெளியே, மீனவர் குப்பத்தருகே கூடாரமிட்டு இரண்டு இரவுகள் தங்கினோம். கொசுக்கடியைப் பற்றி எழுதாமல் விடுகிறோம்.

1967-இல் அமைந்த சரணாலயம் அது. 2002 முதல் ராம்சார் ஈரநிலமுமாகும். வைகறையில் உப்பங்கழியில் பூநாரைகள் நின்ற கோலமே கோலம்! வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நாவினால் நீரை உறிஞ்சித் தள்ளி, அலகோரச் சல்லடையில் பாசியையும் சிற்றுயிர்களையும் வடித்து உண்டுகொண்டிருந்தன. அருகில் சென்றால் படம் தெளிவாக அமையுமென்று சேற்றில் இறங்கினோம். முதலில் தலைகள் நிமிர்ந்தன. அப்போதே நின்றிருக்க வேண்டும், நின்றோமில்லை. கூட்டம் முழுவதும் எழுந்து பறந்தது.

"சாப்பாட்டைப் பாதியில் விட்டுப் போய்விட்டனவே, அப்பா!" என்றாள் எங்கள் சிறுமகள். எங்களால் விடை கூற இயலவில்லை.

மறுநாள் கரையிலேயே, கருவேலமர மறைவில், கதிரவன் முதுகுப்புறமிருக்க அசையாது அமர்ந்தோம். ஒரு மணி நேரத்திற்குப் பின் அவை மேய்ந்தவாறே எங்களை நோக்கி வரலாயின. படத்தில் உருவம் சிறிதுதான். ஆயினும் குனிந்த தலைகளெல்லாம் நீருக்குள்ளேயே இருக்கின்றன.

ரஞ்சன்காவ் அன்பர்கள் குளிர்காலத்தில் பிகவண் சென்றால், உஜனி அணையின் தேக்கநீரில் இப்பறவையைக் காணலாம். படகுக்காரரை இன்னும் நெருங்கச் சொல்லி வற்புறுத்த வேண்டா. புனே–சோலாப்பூர் வண்டிகள் யாவும் பிகவணில் நிற்பதில்லை. அட்டவணையைப் பார்த்துப் புறப்படுக.