வெள்ளத்துக்கு ஒரு ஓட்டு!

மண்டைக்காட்டுக்கு நீங்கள் விருந்தாளியாக வந்து, விடியற்காலையில் யாராவது “வெள்ளம் வந்தாச்சி, எந்திரியுங்கோ!” என்று கத்தினால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடாதீர்கள். குழாயில் தண்ணீர் வந்திருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் பக்கம் தண்ணீருக்குப் பெயரே வெள்ளம்.

கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கிணறு தோண்டினால் ஒரு வீட்டில் இளநீர், அடுத்த வீட்டில் உப்பு. ஆகவே என்னைப் போன்ற துரதிர்ஷ்டசாலிகளுக்குக் குழாய்தான் கதி. மாசிக் கொடை பத்து நாளும் இருமுடியோடு பெண்கள் வந்து குவியும்போது குடத்தின் மதிப்பு என்னவென்று கேட்கவே வேண்டாம்.

என் அத்தான் பக்கத்துக் கிராம ஊராட்சிக்காரர். ஒரு காந்தி ஜெயந்தி அன்று மாலை, மாப்பிள்ளை முறுக்கோடு வந்து உட்கார்ந்தார்.

“மாப்ளே, இன்னைக்குக் கிராம சபையில வெள்ளக் காசைக் கூட்டணுமா வேண்டாமான்னு கேட்டாவ. நான் கை தூக்கினேன்லா!”

“வேண்டாம்னுதானே?”

“கூட்டணும்னு! மோட்டார் கருகி எட்டு நாளாச்சி. உனக்க அக்கா என்னைக் குடத்தோட சைக்கிள்ல விரட்டுதா. மாசம் இருபது ரூவா பெருசா, எனக்க முதுகு பெருசா?”

எனக்குப் பொறாமையாக இருந்தது ஸார். நான் பி.காம். அவர் எட்டாம் கிளாஸ். அவர் ஊர்த் தண்ணீருக்கு அவர் ஓட்டுப் போடுகிறார். எனக்கோ ரசீது மட்டும்தான் வருகிறது.

காரணம் சின்னது. மண்டைக்காடு பேரூராட்சி. 1994-ம் வருட ஊராட்சிகள் சட்டத்தில் உள்ள கிராம சபை, கிராம ஊராட்சிகளுக்குத்தான். குமரி மாவட்டத்தில் ஊராட்சிகள் 95. பேரூராட்சிகளோ சுமார் ஐம்பது. 2004-ல் தமிழ்நாட்டின் பெரும்பாலான பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சி என்று மாற்றினார்கள். 2006-ல் மறுபடி பேரூராட்சி. நடுவில் போர்டு எழுதும் பெயிண்டருக்கு நல்ல வருமானம்! 2022-ல் நகர்ப்புறங்களுக்கும் ‘பகுதி சபை’ வந்தது. குறை சொல்லலாம், யோசனை சொல்லலாம். கட்டணம் என்னவோ வேறு மேஜையில்தான் முடிவாகிறது.

அமெரிக்காவில் இண்டியானா என்று ஒரு மாநிலம். அங்கே தண்ணீர், சாக்கடைச் சேவை நடத்தும் சின்னச் சின்ன நிறுவனங்கள் உண்டு. லாப நோக்கமில்லாதவை, குழாய் வைத்திருப்பவர்தான் உறுப்பினர். ரேட்டை ஏற்ற வேண்டுமானால் மாநில கமிஷனிடம் போய் நிற்க வேண்டும். வக்கீல், ஆடிட்டர், விசாரணை... அந்தச் செலவும் உறுப்பினர் தலையில்தான். அதனால், எல்லோருக்கும் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்துக் கூட்டம் போட்டு, கமிஷனின் கட்டுப்பாடு வேண்டுமா, வெளியே வரலாமா என்று உறுப்பினர்களே ஓட்டுப்போட்டு முடிவு செய்யலாம் என்று அங்கே சட்டமே இருக்கிறது. ரேட்டுக்கு மட்டுமில்லை, தங்களை யார் மேற்பார்வை பார்ப்பது என்பதற்கே ஓட்டு!

அவ்வளவு தூரம் போவானேன்? கோழிக்கோடு பக்கம் ஒளவண்ணா. சர்க்கார் குழாய் வராத மேடுகளில் ஜனங்களே காசு போட்டு, கிணறு வெட்டி, தொட்டி கட்டி, சங்கம் வைத்துத் தண்ணீர் விட்டார்கள். கரண்ட் பில்லையும் பம்ப் ஆபரேட்டர் சம்பளத்தையும் உறுப்பினர்களே பகிர்ந்துகொண்டார்கள். 2000-ல் கேரள அரசு உலக வங்கிக் கடனோடு ஆரம்பித்த ‘ஜலநிதி’ திட்டமும் இதே வழிதான். நம் நாடு முழுக்க 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்திலும் கிராமத்துக் குடிநீர்க் கமிட்டி உண்டு. அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நியாயம்தானே, குடம் யார் இடுப்பில் இருக்கிறது?

அப்படியானால் எல்லாவற்றையும் ஓட்டுக்கு விட்டுவிடலாமா? இங்கேதான் எனக்கு உதறல். என் தெருவில் அஞ்சு சென்ட் மனை. ஒரு மூலையில் கிணறு, மறு மூலையில் செப்டிக் டேங்க். மணல் பூமி. இரண்டும் சம்பந்தி ஆக ரொம்ப நாள் பிடிக்காது. என் டேங்க், பக்கத்து வீட்டுக் கிணறு என்றால் கேட்கவே வேண்டாம். ‘டேங்கை ஒழுங்காகக் கட்டவேண்டுமா?’ என்று தெருவில் ஓட்டு எடுத்துப் பாருங்கள். ‘என் டேங்க், என் இஷ்டம்’ அமோக வெற்றி பெறும். நானும் அதற்குத்தான் குத்துவேன். ஆகவே தண்ணீரின் சுத்தத்துக்கும் சாக்கடைக்கும் சர்க்கார் பிரம்போடு நிற்கட்டும். ரேட்டையும் கணக்கையும் எங்களிடம் விடட்டும். உப்புக் கிணற்றுக்காரன் கேட்கிறான், தப்பா?

போன மாதம் அத்தான் மறுபடி வந்தார். கூட்டிய காசுக்குச் சபையில் கணக்குக் கேட்டாராம். நாலு பக்கம் கொடுத்திருந்தார்கள்.

“நீ பி.காம்லா, வாசிச்சிச் சொல்லு.”

வாசித்தேன். மூன்றாவது பக்கத்தில் ‘மோட்டார் ரிப்பேர்’ இரண்டு தடவை. அதே தேதி, அதே தொகை.

அத்தான் ஒன்றும் பேசவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “அடுத்த கூட்டம் எப்போ?” என்று கேட்டேன். தேதியை விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.