மூச்சுக்கு இசைந்த மந்தகதி

புகையிலையாலோ அடுப்புப் புகையாலோ நெடுங்காலம் நலிந்த சுவாசகோசத்தில், உள்ளே போன காற்று முழுவதும் வெளியேறுமுன்பே அடுத்த மூச்சு வந்து புகுந்துவிடுவதால், நாலு படி ஏறுவதற்குள் நெஞ்சை அடைக்கிறது. அந்தப் பயத்திலேயே நோயாளி நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ள, தொடைத் தசைகளும் தளர்ந்து, சிரமம் இரட்டிப்பாகிறது. இத்தகையோருக்கு ஏற்ற தேகாப்பியாசங்களுள் ஒன்று, சீன தேசத்துத் தாய் சீ.

1956-இல் அந்நாட்டு அரசாங்கத்தார் 24 அசைவுகளாகச் சுருக்கி வகுத்த முறையில், முழங்கால்களைச் சற்றே மடக்கி, சரீரத்தின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெல்ல மாற்றி, முகத்துக்கு எதிரே நகரும் கையைக் கண் பின்தொடர நிற்கும்போது, மூச்சை நிதானமாக வெளிவிட அவகாசம் கிடைக்கிறது. தொடைகளோ, பார்ப்பவர் ஊகிக்க முடியாத அளவுக்கு உழைக்கின்றன.

சீனாவில் இத்தகைய நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகள் 120 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவாருக்கு மருத்துவமனைப் பயிற்சியும் மற்றவருக்குத் தாய் சீயும் 12 வாரம் அளித்து ஆராய்ந்து, 2018-இல் முடிவை வெளியிட்டனர்: பயிற்சி முடிந்தபோது இரண்டும் ஏறத்தாழச் சமம், மேலும் 12 வாரம் சென்று பரிசோதித்தபோது தாய் சீ பயின்றோரே சற்று மேலான நிலையில் இருந்தனர். உபகரணமோ செலவோ வேண்டாத வித்தை என்பது இதன் தனிச் சௌகரியம். ஆயினும், அவ்விரு பிரிவாரும் மூச்சுக்குழாயை விரிவாக்கும் மருந்தையும் உட்கொண்டே பயின்றனர் என்பதை மறக்கலாகாது. வைத்தியரின் அனுமதியோடு, நிற்க இயலாதவர்கள் நாற்காலியில் அமர்ந்தபடியே கையசைவுகளைத் தொடங்கலாம்.