சிரட்டைக் கரியும் கடல்மீன் தொட்டியும்

திருநெல்வேலியில் வீட்டுக் கூடத்தில் கடல்மீன் வளர்ப்பவருக்குக் கடல் தாமிரபரணியிலிருந்துதான் வருகிறது. தூத்துக்குடிக்கோ உவரிக்கோ போய்க் கேனில் கடல்நீர் பிடித்து வரலாம். வாராவாரம் அது நடக்கிற காரியமில்லை. ஆகவே தாமிரபரணியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் செயற்கைக் கடலுப்பைக் கரைத்துத் தொட்டியை நிரப்புவதே கைக்கு எட்டிய வழி. தொட்டி வாங்கும்போதே ‘ஆக்டிவேட்டட் கார்பன்’ எனும் கரிப் பை ஒன்றும் சேர்ந்து வருகிறது. அது பில்டருக்குள் போய் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது. இந்தப் பழக்கத்தில் வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதே என் வாதம். நம் ஊரில் கரிக்கு முதல் வேலை உப்பைக் கரைப்பதற்கு முந்தைய நன்னீரில் இருக்கிறது. தொட்டிக்குள் அதற்கு உள்ள வேலை இரண்டாவதுதான். அதையும் காரணம் தெரிந்து, அளவோடு கொடுக்க வேண்டும்.

காரணம் புரிய, கரி எதைப் பிடிக்கும், எதை விடும் என்று பார்க்க வேண்டும். தேங்காய்ச் சிரட்டையைக் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கி, 800 முதல் 1000 டிகிரி வெப்பத்தில் நீராவியைச் செலுத்தும்போது அதன் உடம்பெங்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறக்கின்றன. நல்ல கரி ஒரு கிராமில் உள்ள துளைச் சுவர்களை எல்லாம் விரித்தால் சுமார் 1000 சதுர மீட்டர் வரும். ஏறக்குறைய கால் ஏக்கர் வயல். நீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருள்கள், நிறம், வாடை, மருந்து ஆகியவை இந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. மழைக்கால ஆற்றுநீரின் கலங்கலைத் தெளிய வைக்கத் தேத்தாங்கொட்டையை உரசிக் கலக்குவது நம் பழைய வழக்கம்; அது மண்ணைக் கீழே படிய வைக்கும். கரியின் வேலை வேறு. மண்ணை அதன்மேல் விட்டால் துளை அடைபட்டு வீணாகும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவையோ, அது மாறி உண்டாகும் நைட்ரேட்டையோ, உப்பையோ கரி நீக்காது. அவற்றுக்குப் பாக்டீரியா வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும். கரி போட்டிருக்கிறோமே என்று தண்ணீர் மாற்றாமல் இருப்பவரின் தொட்டி பளிங்குபோலத் தெரியும். நைட்ரேட் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

இனி நம் தண்ணீரைப் பார்ப்போம். குழாயில் வரும் குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். மனிதருக்குக் காவலாக இருக்கும் அந்தக் குளோரின் மீனின் செவுளை அரிக்கும். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவையும் கொல்லும். பாத்திரத்தைத் திறந்து ஒரு நாள் வைத்தால் குளோரின் பறந்துவிடுமே என்று கேட்கலாம். பறந்துவிடும், உண்மைதான். ஆனால் பாபநாசத்திலிருந்து அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி என்று நெல்வயல்களையும் ஊர்களையும் கடந்து வரும் ஆற்றில் உரமும் சாக்கடையும் கலக்கின்றன. அவை கொண்டுவரும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் எத்தனை நாள் திறந்து வைத்தாலும் போகா. அவை தொட்டியில் பாசியைத் தழைக்க வைக்கும். அவற்றை நீக்க ஆர்.ஓ. சவ்வு தேவை. அந்தச் சவ்வைக் குளோரின் கெடுத்துவிடும் என்பதால் அதற்கு முன்னால் கரி நிற்க வேண்டும். இங்கே சிரட்டைக் கரிக்கு இணை இல்லை. அதன் துளைகளில் பெரும்பகுதி இரண்டு நானோமீட்டருக்கும் குறுகியவை. சிறிய மூலக்கூறுகளைப் பிடிக்க ஏற்றவை. குளோரினைக் கரி வெறும் குளோரைடாகவே மாற்றிவிடுகிறது. வாங்கும்போது, நுண்துளையின் அளவைக் காட்டும் அயோடின் எண்ணைக் கேளுங்கள்; 1000 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. கரி உயிரோடு இருக்கிறதா என்று அறியவும் வழி எளிது. மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர்கள் வைத்திருக்கும் குளோரோஸ்கோப் போன்ற ஒரு சோதனைக் குப்பியில், கரியைத் தாண்டி வந்த நீரைப் பிடித்துச் சொட்டு மருந்து விடுங்கள். மஞ்சள் ஏறினால் கரி மாற்றும் காலம் வந்துவிட்டது.

தொட்டிக்குள் கதை மாறுகிறது. தீனி மிச்சமும் கழிவும் அழுகி நீருக்கு மெல்ல மெல்ல மஞ்சள் சாயம் ஏற்றுகின்றன. புதிதாகக் கரைத்த உப்புநீரை ஒரு வெள்ளை வாளியிலும், தொட்டி நீரை இன்னொன்றிலும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இந்தச் சாய மூலக்கூறுகள் பெரியவை. சிரட்டைக் கரியின் குறுகிய துளைகளுக்குள் எளிதில் நுழையா. நிலக்கரியிலிருந்து செய்த கரிக்குத் துளை சற்று அகலம் என்பதால் இந்த வேலைக்கு அதுவே பொருந்தும். அயோடின் எண் நுண்துளையை மட்டுமே காட்டுவதால், தொட்டிக்கு வாங்கும் கரியை அந்த எண்ணை மட்டும் நம்பித் தேர்ந்தெடுக்க முடியாது.

வெளிநாட்டில் இரவும் பகலும் கரியை ஓட விடுகிறார்களே, நாம் ஏன் அளவு பார்க்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. அந்த அறிவுரையில் பெரும்பகுதி பவளம் வளர்ப்பவர்களுக்குச் சொன்னது. பவளங்கள் ஒன்றை ஒன்று விரட்ட நீரில் விடும் நச்சைக் கரி உறிஞ்சுகிறது. நம் நாட்டிலோ பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து அவற்றை எடுப்பது குற்றம். ஆகவே நம் வீட்டுத் தொட்டிகள் மீன் தொட்டிகள். அந்தக் காரணம் இங்கே பொருந்தாது. இன்னொரு பக்கம், கரியே ஆபத்து என்று ஒதுக்குபவர்களும் உண்டு. அவர்கள் கையில் ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவின் டொலிடோ விலங்குக் காட்சியகத்தில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், பழுப்பு நிலக்கரியில் செய்த கரி ஓடிய தொட்டியின் சர்ஜன் மீன்களுக்குத் தலையிலும் பக்கவாட்டிலும் தோல் அரிக்கும் நோய் கடுமையாக வந்தது; கரி இல்லாத தொட்டி மீன்களுக்கு வரவில்லை. இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அதே ஆய்வில் உருளையாக அழுத்திச் செய்த கரி ஓடிய தொட்டியில் பாதிப்பு லேசாகவே இருந்தது. எளிதில் பொடியும் கரியின் தூள்மீதுதான் சந்தேகம் விழுகிறது. எனவே கையில் நசுக்கினால் தூளாகாத உருளைக் கரியை வாங்கி, கருமை நீங்கும்வரை அலசிப் போடுவதே இதற்கு விடை. அது கிடைக்காதபோது கடினமான சிரட்டைக் கரி போதும். மஞ்சளை எடுக்கக் கொஞ்சம் கூடுதல் நாளாகும்.

100 லிட்டர் நீருக்கு 50 கிராம் பொதுவாகப் போதும். முதல்முறை அதில் பாதியே நல்லது. கரியை வலைப்பையில் கட்டி, பஞ்சைக் கடந்து வரும் நீர் அதன் ஊடே ஓடும்படி வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் எடுத்துவிட்டு, மஞ்சள் திரும்பும்போது புதிதாகப் போடலாம். அயோடின் போன்ற சில நுண்சத்துகளையும் கரி கொஞ்சம் இழுக்கும். ஒழுங்காகத் தண்ணீர் மாற்றுபவருக்கு அந்த இழப்பு தானே ஈடாகிவிடும். மீனுக்கு மருந்து விடும் நாள்களில் கரி உள்ளே இருக்கவே கூடாது. மருந்தை அதுவே குடித்துவிடும். வைத்தியம் முடிந்ததும் மிச்ச மருந்தை நீக்க அதையே போடலாம். பழைய கரியை வெயிலில் காய வைத்தோ வெந்நீரில் போட்டோ மறுபடி பயன்படுத்துவது வீண். துளைகளை மீண்டும் திறக்கச் சூளையின் வெப்பம் வேண்டும்.

ஆர்.ஓ. கழிக்கிற தண்ணீரை என்ன செய்வது என்பது பல மாவட்டங்களின் தாகம் தீர்க்கும் ஆற்றங்கரையில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. உப்பைக் கரைக்கும் முன்பே கழிகிற நன்னீர் அது. வாளியில் பிடித்து வீடு கழுவவும் துணி அலசவும் பயன்படுத்தலாம். தொட்டி வைக்க நினைப்பவர், பணத்தையும் கவனத்தையும் முதலில் இந்த நன்னீர் வடிகட்டிக்கும், பிறகு தண்ணீர் மாற்றும் ஒழுங்குக்கும், கடைசியாகத் தொட்டிக்குள் போடும் கரிக்கும் ஒதுக்கட்டும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மண்டல மையம் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை வகுத்துத் தந்திருக்கிறது. அப்படிப் பிறந்த மீனை வாங்கி, இந்த வரிசையில் பராமரித்தால், கடலிலிருந்து இன்னொரு மீனைப் பிடித்து வந்து செத்த மீனின் இடத்தை நிரப்பும் தேவை குறையும். கரியைச் சரியாகப் பயன்படுத்துவதன் உண்மையான லாபம் அதுதான்.