நிலையானதா, புதியதா?

சிகாமட்டில் தங்கிப் படிக்கும் எனக்கு இருப்பது ஒரே மடிக்கணினி. இடுபணிகள், தேர்வுக் குறிப்புகள் எல்லாம் அதில்தான். அதனால் உபுண்டு என்ற திறமூல இயங்குதளத்தை நிறுவும் முன், எந்தப் பதிப்பு ஏற்றது என்று பார்த்தேன்.

2024 ஏப்ரலில் வந்த 24.04, நீண்டகால ஆதரவுப் பதிப்பு. ஐந்தாண்டுகள், அதாவது 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். அதே ஆண்டு அக்டோபரில் வந்த 24.10 பதிப்பில் புதிய வசதிகள் இருந்தன. ஆதரவோ 9 மாதங்களே. 2025 ஜூலையில் அது முடிந்தது. பருவத்தின் நடுவே இயங்குதளத்தை மாற்ற நேர்ந்தால் படிப்பு என்னாவது?

நிலையானதையே தேர்ந்தெடுத்தேன். புதியதை அதே மடிக்கணினியில், மெய்நிகர் கணினிக்குள் தனியே இயக்கிப் பார்க்கிறேன். புதிய பதிப்பைச் சோதித்துப் பிழை சொல்பவர்கள் இருப்பதால்தான் அடுத்த நிலையான பதிப்பு உறுதியாகிறது. நண்பர்களே, படிப்புக்கு ஒன்று, பரிசோதனைக்கு ஒன்று எனப் பிரித்துக்கொள்ளுங்கள்.