சுகர் மாத்திரையும் பக்கவிளைவும் – பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்



கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு முடிந்ததும் பேச்சு உடம்பைப் பற்றித் திரும்பிவிடும். "சுகர் மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடுமாமே மேடம்?" என்பது ஒரு பக்கம் பயம். "உடம்பு இளைக்க ஊசி வந்திருக்காமே?" என்பது இன்னொரு பக்கம் ஆசை. பயந்து மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்து, ஆசைப்பட்டு நாமாக வாங்கிப் போடுவதும் ஆபத்து.

பக்கவிளைவு எப்படித் தெரிய வருகிறது?

புதிய மருந்தைச் சில ஆயிரம் பேரிடம்தான் முதலில் சோதிக்கிறார்கள். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் கோளாறு அதில் தெரியாமல் போகலாம். லட்சக்கணக்கானோர் சாப்பிட்ட பிறகுதான் வெளியே வரும். அப்படித் தெரிந்ததால் பென்பார்மின் மாத்திரை 2003-லும், இதயத்துக்கு ஆபத்து என்று ரோசிகிளிட்டசோன் 2010-லும் இந்தியாவில் தடை செய்யப்பட்டன. உடல் இளைக்கக் கொடுத்த சிபுட்ரமின், மாரடைப்பும் பக்கவாதமும் அதிகமாவது தெரிந்து 2011-ல் தடை செய்யப்பட்டது.

2008 முதல், புதிய சுகர் மருந்து இதயத்தைக் கெடுக்காது என்று நிரூபிக்க வேண்டும் என அமெரிக்கா கேட்க ஆரம்பித்தது. அந்த ஆய்வுகளில் சில மருந்துகள் இதயத்தையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றுகின்றன என்பதும் தெரிந்தது.

நாம் சாப்பிடும் மாத்திரைகள்

• மெட்பார்மின்: வயிற்றுப் பொருமல், பேதி வரலாம். சாப்பாட்டோடு எடுத்தால் குறையும். பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு பி12 சத்து குறையலாம். கால் மரத்துப் போதல், அசதி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இது கிட்னியைக் கெடுப்பதில்லை. கெடுப்பது கட்டுப்படாத சுகர்தான். ஆனால் கிட்னி ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டிவரும். அதற்குத்தான் ரத்தப் பரிசோதனை.

• கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு: சுகர் திடீரென்று இறங்கிவிடலாம். விடியற்காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் தக்காளி பறிக்கப் போகும் சகோதரிகள் கவனிக்க வேண்டும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பிறகு சாப்பிடுங்கள்.

• டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின்: சுகரைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். பெண்களுக்குப் பிறப்புறுப்பில் அரிப்பு, வெள்ளைபடுதல் வரலாம். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், சிகிச்சை இருக்கிறது.

இளைக்க வைக்கும் ஊசி

மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும், வீகோவி 2025 ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. எடை குறைவது உண்மை. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பலருக்கு வருகிறது. பித்தப்பைக் கல், கணைய வீக்கம் சிலருக்கு வரலாம். வீகோவியில் உள்ள செமாகுளூடைடு மிக அரிதாகக் கண் நரம்பைப் பாதிக்கலாம் என்று ஐரோப்பிய மருந்துக் கழகம் 2025-ல் அறிவித்தது. தற்கொலை எண்ணத்துக்கும் இதற்கும் தொடர்பு தெரியவில்லை என்று அதே கழகம் 2024-ல் சொன்னது. ஆராய்ச்சி இரண்டு பக்கமும் பேசும்.

செமாகுளூடைடை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பியதாக 2022 ஆய்வு ஒன்று காட்டியது. கொழுப்போடு தசையும் கரையும். கூலி வேலை செய்கிற உடம்புக்கு அது சின்ன விஷயமில்லை. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இதைத் தொடவே கூடாது. மவுன்ஜாரோ போடுகிறவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

'மூலிகை' என்று விற்கும் இளைப்புப் பொடிகளிலும் எச்சரிக்கை தேவை. தடை செய்யப்பட்ட சிபுட்ரமின் கலந்த சரக்குகள் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன.

நாம் செய்ய வேண்டியவை

1. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள். என்ன செய்கிறது, எப்போது ஆரம்பித்தது என்று எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். வேறு மருந்து இருக்கிறது.
2. பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள்.
3. வருடம் ஒருமுறை கிட்னி, கண், கால் பரிசோதனை செய்யுங்கள்.
4. பக்கவிளைவை நாமே அரசுக்குத் தெரிவிக்கலாம். இலவச எண் 1800-180-3024. 104-லும் ஆலோசனை கேட்கலாம்.

2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, வீடு தேடி மாத்திரை கொடுக்க நம் மகளிர் குழுப் பெண்களையே தன்னார்வலர்களாக எடுத்தார்கள். மாத்திரையை வாங்குகிற கையும் கொடுக்கிற கையும் நம்முடையதுதான். அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் பத்து நிமிடம் ஒதுக்கி, "மாத்திரை சாப்பிட்டா உங்களுக்கு என்ன செய்யுது?" என்று ஒருவரையொருவர் கேளுங்கள்.