முதுகுக்கேற்ற பை
(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

மலையேற்றம் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவன பனி மூடிய சோலைகளும், பாறை இடுக்கில் வழியும் ஓடைகளும், உச்சியில் வீசும் குளிர்ந்த காற்றுமே. ஆனால் மலையேறித் திரும்பியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் காட்சியைப் பற்றிச் சொல்லுமுன் தோள்வலியைப் பற்றித்தான் சொல்வார்கள். கடிக்கும் செருப்போடு தேரோட்டம் பார்க்க இயலாது. அதுபோலவே கடிக்கும் பையோடு மலையேற இயலாது. ஆகவே எடை குறைந்ததும் உடலுக்கு ஏற்றதுமான முதுகுப்பையைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கணக்கு முதலில், பை கடைசியில்

கடையில் அழகாகத் தொங்கும் பையை வாங்கிவிட்டு, பிறகு அதில் எதையெல்லாம் வைக்கலாம் என்று எண்ணுவதே நம்மில் பலரது வழக்கம். இது நாள் பார்க்குமுன் பந்தற்கால் நடுவதைப் போன்றது. பெரிய பை வாங்கினால் அதை நிரப்பத்தான் தோன்றும். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னது வண்டிக்கு மட்டுமன்று, நம் முதுகெலும்புக்கும் பொருந்தும்.

அப்படியானால் எவ்வளவு சுமக்கலாம்? மத்தியக் கல்வி அமைச்சகம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கையின்படி, மாணவரின் பை அவரது உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மிகக் கூடாது. இது சமதரையில் நடப்பதற்குச் சொன்னது. மேட்டில் ஏறும்போது அதற்கு மேல் போவானேன்? எனவே நாங்களும் அதையே எல்லையாகக் கொண்டோம். 40 கிலோ எடையுள்ள மாணவிக்கு 4 கிலோ, அதாவது 4,000 கிராம். இனி, ஒரு பகல் மலையேறத் தேவையானவற்றைப் பட்டியலிடுவோம்.

தண்ணீர் 1½ லிட்டர், பாட்டிலுடன் – 1,600 கிராம்
மதிய உணவும் தின்பண்டமும் – 500 கிராம்
கம்பளிச் சட்டை – 350 கிராம்
மழைக்கோட்டு – 300 கிராம்
தொப்பி, துண்டு, மாற்றுக் காலுறை – 200 கிராம்
முதலுதவிப் பொருள்கள் – 150 கிராம்
டார்ச் விளக்கும் விசிலும் – 150 கிராம்

கூட்டினால் 3,250 கிராம் ஆகிறது. நாலாயிரத்தில் மீதி 750 கிராம். வெறும் பையின் எடை அதற்குள் இருக்க வேண்டும். இந்த ஓர் எண்ணைக் கண்டுபிடித்த பிறகே கடைக்குப் போக வேண்டும். இரண்டு கிலோ எடையுள்ள பையை ஒருத்தி வாங்கினால் அவளுடைய கணக்கில் 1,250 கிராம் துண்டு விழுகிறது. எதை விட்டுச் செல்வாள்? கையில் எடுத்தால் அதிகம் கனப்பது தண்ணீர்தான். பெரும்பாலும் அதைத்தான் குறைப்பாள். வெயிலேறிய மலைப்பாதையில் அதைவிட ஆபத்து வேறில்லை. பை கூடுதலாகக் கனக்கும் ஒவ்வோர் அரைக் கிலோவும் நம் தண்ணீரிலிருந்து பறிக்கப்பட்டது என்றே கொள்ள வேண்டும்.

எடையைக் குறைக்கப் பணம் வேண்டும் என்பதும் தவறான எண்ணம். எவர்சில்வர் டிபன்பாக்ஸ் நிறையப் புளிச்சோறு கொண்டுபோவதற்குப் பதில் வாழையிலையில் கட்டிக்கொண்டு போகலாம். உண்டு முடித்ததும் சுமையும் முடிந்தது. நான்கு பேர் சேர்ந்து செல்லும்போது நான்கு முதலுதவிப் பெட்டிகளும் வேண்டியதில்லை.

எத்தனை லிட்டர்?

முதுகுப்பையின் கொள்ளளவை லிட்டரில் குறிப்பார்கள். மேற்சொன்ன பொருள்களுக்கு 20 முதல் 25 லிட்டர் போதும். பெரிய வாளி ஒன்று கொள்ளும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடாரம், படுக்கை எல்லாம் சுமந்து பல நாள் நடப்பவர்களுக்கே 50, 60 லிட்டர் பை தேவை. நம் மாநில வனத்துறை 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை முன்பதிவு முறையில் திறந்து வைத்தது. அவற்றில் பல காலையில் புறப்பட்டு அன்றே திரும்பத்தக்கவை. அனுமதி பெற்று, வழிகாட்டியுடன் செல்லும் இத்தகைய நடைக்குச் சிறிய பையே சிறந்தது.

சுமையைத் தாங்குவது எது?

தோள் என்றுதான் எல்லோரும் விடை சொல்வோம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வாழ்ந்த டிக் கெல்ட்டி என்பவர் வேறு விடை கண்டார். அவர் 1952ஆம் ஆண்டு அலுமினியக் குழாய்களால் சட்டம் செய்து, அதில் பையைப் பொருத்தி, கீழே ஓர் இடுப்புப் பட்டையையும் சேர்த்து விற்கத் தொடங்கினார். அவருடைய மனைவி நீனா வீட்டிலேயே பைகளைத் தைத்துக் கொடுத்தார். இடுப்பெலும்பு உறுதியானது, கால்களோடு நேராக இணைந்தது. பட்டையை அதன் மேல் இறுக்கினால் சுமையின் பெரும்பகுதி தோளை விட்டு இடுப்புக்கு இறங்கிவிடுகிறது. நம் கிராமங்களில் குடத்தை இடுப்பில் வைத்து நெடுந்தூரம் நடக்கும் பெண்கள் இந்த உண்மையை எந்தப் புத்தகமும் படிக்காமலே அறிந்திருந்தார்கள்.

அடுத்துத் தோள்பட்டையைக் கவனிப்போம். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது என்று இயற்பியலில் படித்திருக்கிறோம் அல்லவா? 2 செ.மீ. அகலமுள்ள பட்டைக்குப் பதில் 6 செ.மீ. அகலமுள்ள பட்டை இருந்தால், அதே சுமை தோளை மூன்றில் ஒரு பங்கே அழுத்தும். பட்டையினுள் மெல்லிய ஸ்பாஞ்சு இருப்பது நல்லது. மார்புக்குக் குறுக்கே ஒரு சிறு பட்டை இருந்தால், பாறையில் ஏறும்போது பை அங்குமிங்கும் ஆடாது.

பொருள்களை அடுக்குவதிலும் அறிவியல் உண்டு. கனமான தண்ணீர்ப் பாட்டில் முதுகை ஒட்டி, நடுமுதுகின் உயரத்தில் இருக்க வேண்டும். அது முதுகை விட்டு விலக விலக நம்மைப் பின்னோக்கி இழுக்கும் திருப்புத்திறன் கூடும். நாம் முன்னோக்கிக் குனிந்து அதை ஈடு செய்வோம். கழுத்தும் இடுப்பும் நோகும். கம்பளிச் சட்டை போன்ற இலேசான பொருள்கள் அடியிலும் வெளிப்புறத்திலும் இருக்கலாம். மழைக்கோட்டு மட்டும் எளிதில் எடுக்கும்படி எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும்.

முதுகை அளந்து பாருங்கள்

சட்டை தைக்க அளவெடுக்கிறோம். பை வாங்க அளவெடுப்பதில்லை. இது வெகு எளிது. தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு புடைத்து நிற்கும். பிறகு பெருவிரல்கள் பின்புறம் இருக்குமாறு இரு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் ஊன்றுங்கள். பெருவிரல்களுக்கு இடையே ஒரு கோடு இருப்பதாக எண்ணிக்கொண்டு, கழுத்தெலும்பிலிருந்து அக்கோடு வரை ஒரு தோழி தையல் நாடாவால் அளக்கட்டும். அதுவே உங்கள் முதுகு நீளம். பையின் தோள்பட்டை தொடங்கும் இடத்துக்கும் இடுப்புப் பட்டைக்கும் உள்ள தூரம் இதனோடு பொருந்த வேண்டும்.

எங்கள் வகுப்பில் அளந்தபோது 37 செ.மீ. முதல் 44 செ.மீ. வரை இருந்தது. ஒரே உயரமுள்ள இரு தோழியருக்கே 3 செ.மீ. வேறுபட்டது! ஆகவே அக்காவுக்குப் பொருந்திய பை நமக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. பெரிய பையை மாட்டினால் இடுப்புப் பட்டை இடுப்பெலும்பில் அமராமல் கீழே வழுகிவிடும்.

துணியைப் பார்க்கும் முறை

பையின் உட்புறச் சீட்டில் 70டி, 210டி, 420டி என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். ‘டி’ என்பது டெனியர். 9,000 மீட்டர் நீளமுள்ள இழை எத்தனை கிராம் எடையோ, அத்தனை டெனியர். எண் கூடினால் இழை பருமனாகும். துணி உழைக்கும், ஆனால் கனக்கும். எண் குறைந்தால் பை இலேசாகும், ஆனால் முள்ளிலும் பாறையிலும் எளிதில் கிழியும். நம் ஊர் மலைகளில் முட்புதர்கள் மிகுதியாதலால் 70க்கும் 210க்கும் இடைப்பட்ட நைலான் நமக்குப் போதுமானது. துணியில் சிறு சிறு கட்டங்கள் தெரிந்தால், இடையிடையே தடித்த இழை ஓடுகிறது என்று பொருள். ஓரிடத்தில் கிழிந்தாலும் கிழிசல் அந்தக் கட்டத்தைத் தாண்டி எளிதில் ஓடாது. பாய்மரப் படகுகளின் பாய்க்காக உருவாக்கப்பட்ட டைனீமா என்ற இழைத்துணியாலும் இன்று பைகள் செய்கிறார்கள். அது மிக மிக இலேசானது. விலையோ மிக மிகக் கனமானது!

எந்தத் துணியானாலும் தையல் துளை வழியாக மழைநீர் கசியும். வெளியே உறை போடுவதைவிடத் தடித்த பாலித்தீன் உறை ஒன்றைப் பைக்குள் விரித்து, அதனுள் பொருள்களை வைப்பதே மேல். அதைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து மறுமுறையும் பயன்படுத்த வேண்டும்; காட்டில் விட்டு வரக் கூடாது.

எம்மா பாட்டியின் பை

எடை குறைந்த பையைப் பற்றிப் பேசும்போது எம்மா கேட்வுட் அம்மையாரை மறக்க இயலாது. பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த அவர், 1955ஆம் ஆண்டு, தம் 67ஆவது வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர் தூரம்; 146 நாள்கள். ஒரே பயணத்தில் தனியாக அப்பாதையை நடந்து முடித்த முதல் பெண்மணி அவரே. காலில் சாதாரணக் கான்வாஸ் ஷூ. தோளில் தாமே தைத்த ஒரு துணிப்பை. அதில் ஒரு கம்பளியும் மழைக்கோட்டும் பிளாஸ்டிக் திரை ஒன்றும் சிறிது உணவும். கூடாரம் இல்லை. 1957ஆம் ஆண்டு அதே பாதையை மறுபடியும் நடந்தார்.

நாமும் அப்படியே செய்ய வேண்டும் என்பது இதன் பொருளன்று. வழியிலிருந்த வீட்டார் பல இரவுகளில் அவருக்குத் தங்க இடமும் உணவும் தந்தார்கள். கம்பளியையும் மழைக்கோட்டையும் விட்டுச் செல்வது சிக்கனமன்று, அறியாமை. எது வேண்டும், எது வேண்டாம் என்று அவர் முதலில் தீர்மானித்தார். பிறகே அதற்கேற்ற பையைத் தைத்தார். நாம் பின்பற்ற வேண்டியது இந்த வரிசையைத்தான்.

எங்கள் தேர்வு

வீடுகளிலிருந்து ஐந்து வகைப் பைகளைக் கொண்டுவந்து, ஆய்வகத்துச் சுருள்வில் தராசில் நிறுத்தோம். ஒவ்வொன்றிலும் மேற்சொன்ன 3,250 கிராம் பொருள்களை வைத்து, மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு மைதானத்தைப் பத்து முறை சுற்றி, மாடிப்படியும் ஏறி இறங்கினோம்.

சட்டம் வைத்த 60 லிட்டர் பை 2 கிலோ இருந்தது. இடுப்பில் நன்றாக அமர்ந்தாலும் எங்கள் கணக்குக்குள் அடங்கவில்லை. மடிக்கணினிப் பை 950 கிராம். அதில் பாதி அறைகள் நமக்குத் தேவையற்றவை. பள்ளிப்பை 800 கிராம்; இடுப்புப் பட்டை இல்லை. கயிற்றை இழுத்து மூடும் பை 120 கிராம்தான். ஆனால் மூன்றாம் சுற்றிலேயே கயிறு தோளை அறுத்தது. மிகவும் இலேசான பையே மிகவும் நல்ல பை அன்று என்பதை அப்போது உணர்ந்தோம். 620 கிராம் எடையும், 25 லிட்டர் கொள்ளளவும், ஒரே பெரிய அறையும், பக்கத்துக்கொரு பாட்டில் பையும், அகன்ற தோள்பட்டையும், மெல்லிய இடுப்புப் பட்டையும் உள்ள எளிய மலையேற்றப் பையே பெரும்பாலோரின் விருப்பத்தைப் பெற்றது.

பை இல்லாதவர்களுக்கு

இந்த ஆண்டு மலையேற்றத்துக்கு எங்கள் வகுப்பில் ஒன்பது பேர் பெயர் கொடுக்கவில்லை. காரணம் கேட்டபோது நான்கு பேர் தயங்கித் தயங்கிச் சொன்னது, “எங்களிடம் பை இல்லை” என்பதே. கால்களில் வலிமை இருந்தும், பை வாங்க வீட்டில் கேட்க மனமில்லாமல் ஒதுங்கி நின்றார்கள். நல்ல பையைப் பற்றி இவ்வளவு ஆராய்ந்தும் அந்த நால்வருக்குப் பயன் இல்லையென்றால் ஆராய்ச்சி எதற்கு?

தையல் ஆசிரியையிடம் சென்றோம். பழைய பள்ளிப்பைகளின் தோள்பட்டைகளைப் பிரித்தெடுத்து, கடையில் கிடைத்த நைலான் துணியை வெட்டி, இடுப்புக்கு அகன்ற பருத்தி நாடா வைத்து, அவரவர் முதுகளவுக்கே நான்கு பைகள் தைத்தோம். தைப்பது ஒன்றும் தாழ்ந்த வழியன்று. எம்மா பாட்டியும் நீனா கெல்ட்டியும் செய்தது இதையே. 1967ஆம் ஆண்டு சியாட்டில் நகரில் தொடங்கிய ஜான்ஸ்போர்ட் என்ற பை நிறுவனத்தின் பெயரில் உள்ள ‘ஜான்’ கூட அங்கே பைகளைத் தைத்த ஜான் லூயிஸ் என்ற பெண்ணின் பெயர்தான். எங்கள் பைகள் ஒவ்வொன்றும் 400 கிராம் அளவில் இருந்தன. ஜிப்புக்குப் பதில் கயிறு. ஒன்றில் தையல் சற்றுக் கோணல். ஆயினும் நான்கும் டிசம்பர் விடுமுறையில் ஏற்காட்டு மலைக்கு எங்களோடு வந்தன. அவற்றைத் தைத்தவர்களும் வந்தார்கள்.

தோழியரே! புதுப் பை வாங்குமுன் பட்டியல் எழுதுங்கள், கூட்டிப் பாருங்கள், முதுகை அளந்து பாருங்கள். பயன்படாத பழைய பை வீட்டில் இருந்தால் தூக்கி எறியாமல் தையல் அறையில் கொடுங்கள். அடுத்த ஆண்டு மலையேறும் வகுப்புக்காக அந்த அலமாரியில் ஓர் அறை ஒதுக்கப்பட்டிருக்கிறது.